கணக்குத் தேர்வும் மாதிரி வினாத்தாளும்



கணக்குப்பதிவியல் பயில்வோருள் ஒரு வகையினரை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். பாடநூலில் தீர்த்துக் காட்டப்பட்ட கணக்கை மும்முறை படிப்பார்கள். ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு விளங்கும். இது தெரிந்த கணக்கே என்று புத்தகத்தை மூடி வைப்பார்கள். அதே வகைக் கணக்கு, எண்கள் மட்டும் மாறித் தேர்வு மண்டபத்தில் வரும்போதோ, முதல் வரியை எங்கே தொடங்குவது என்று அறியாமல் திகைப்பார்கள். உழைத்தும் பலன் கிட்டாத இந்நிலைக்குக் காரணம் என்ன?

பிறர் செய்ததைப் புரிந்துகொள்வது ஒன்று. தாமே செய்வது வேறொன்று. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரைக் கரையில் நின்று நாள் முழுவதும் பார்க்கலாம். துடுப்பு எப்படித் திரும்புகிறது என்பதும் விளங்கிவிடும். ஆயினும் நீரில் இறங்கித் துடுப்பைக் கையில் பிடிக்கும் வரையில் பரிசல் நம் சொற்படி கேட்காது.

இக்கருத்தைச் சோதனை மூலமும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர் சிலர் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டு, நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தவர் 75 பங்கும் நினைவு கூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தவர் 42 ஆக இறங்கினர். எழுதிப் பார்த்தவர் 56-இல் நின்றனர். அது உரைநடைப் பகுதியைக் கொண்டு செய்த சோதனை. கையால் செய்தே தீரவேண்டிய கணக்கிற்கு அதன் படிப்பினை இன்னும் பொருந்தும் என்பதே என் கருத்து.

இனி, மாதிரி வினாத்தாளை எவ்வாறு கையாள்வது என்று பார்ப்போம். தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த முறைப்படி, கணக்குப்பதிவியல் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்களுக்கு உரியது. நேரம் மூன்று மணி. அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றிற்குப் பத்து நிமிடமே உண்டு. அத்தகைய கணக்குகள் ஏழு. அவற்றிற்கே எழுபது நிமிடம் செல்லும். வீட்டில் ஒரு கணக்கிற்கு அரைமணி எடுத்துக்கொண்டு சரியான விடை கண்டவர், தமக்குக் கணக்குத் தெரியும் என்று சொல்லலாம். தேர்வுக்கு ஆயத்தமாகிவிட்டார் என்று சொல்ல இயலாது. ஆகவே வாரம் ஒரு முழு வினாத்தாளை, கடிகாரத்தை எதிரே வைத்து, விடைக்குறிப்பை வேறோர் அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். இடையில் ஐயம் வந்தால் விடையைப் பார்க்காமல் இடம் விட்டு மேலே செல்லுங்கள். அந்த வெற்றிடம்தான் நீங்கள் அடுத்த வாரம் படிக்க வேண்டிய பாடத்தைச் சுட்டிக் காட்டும்.

எழுதி முடித்தபின் மதிப்பெண்ணை மட்டும் கூட்டிவிட்டு எழுந்து விடாதீர்கள். இருப்பாய்வைப் பற்றி நீங்கள் கற்றதை எண்ணிப் பாருங்கள். அதன் பற்றும் வரவும் சமமாக இருந்துவிட்டால் ஏடுகளில் பிழையே இல்லை என்று ஆகிவிடுமா? ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை இயந்திரக் கணக்கிலேயே எழுதிவிட்டால் இருப்பாய்வு சமமாகத்தான் இருக்கும். இலாபமோ உள்ளதைவிட மிகையாகக் காட்டும். மொத்த மதிப்பெண்ணும் அத்தகையதே. பிழை எங்கே என்பதை அது சொல்லாது.

ஆதலால் பிழைகளுக்கென்று தனிப் பேரேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்பாடு அறியாமல் வந்த பிழை, பற்று வரவு இடம் மாறிய பிழை, கூட்டல் பிழை, வினாவைச் சரியாகப் படிக்காத பிழை என நான்கு தலைப்புகள் போதும். ஒவ்வொரு தவற்றையும் உரிய தலைப்பில் எடுத்து எழுதுங்கள். நான்கு தாள்கள் எழுதியபின் எந்தப் பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். கூட்டல் பிழையால் மதிப்பெண் இழப்பவர் கோட்பாட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் பயன் இல்லை அல்லவா?

ஓர் எடுத்துக்காட்டு. பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவர் ஜனவரி முதல் நாளன்று கடை வாடகையாக ஓராண்டுக்கு 24,000 ரூபாய் செலுத்துகிறார் எனக் கொள்வோம். கணக்கு முடிப்பது மார்ச் 31. மூன்று மாத வாடகையான 6,000 மட்டுமே இவ்வாண்டின் செலவு; எஞ்சிய 18,000 முன்கூட்டிச் செலுத்தியது, எனவே இருப்புநிலைக் குறிப்பில் சொத்து. மாணவர் ஒருவர் 18,000-ஐச் செலவாகவும் 6,000-ஐச் சொத்தாகவும் எழுதினால் அது கழித்தல் தெரியாத பிழையன்று. எந்தப் பகுதி கடந்த காலத்துக்கு உரியது என்று எண்ணாத பிழை.

இருப்பாய்வில் வேறுபாடு வந்தால் தேடுவதற்கும் வழி உண்டு. வேறுபாட்டுத் தொகையை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை ஏதேனும் தவறான பக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,400-ஐ 4,500 என்று எழுதினால் வேறுபாடு 900. ஆனால் தேர்வில் இவ்வாறு தேட நேரம் வேண்டும். அந்த நேரத்தைச் சேமித்துத் தருவதும் பயிற்சியே.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். எந்த வினா வரும் என்று குறி சொல்லும் சோதிடமாக மாதிரித் தாளைக் கொள்ளாதீர்கள். சென்ற ஆண்டின் வினாக்களை விடையோடு மனப்பாடம் செய்தவரை, ஒரே ஒரு புதிய சரிக்கட்டுதல் நிலைகுலையச் செய்துவிடும். பாடத்தை ஒருமுறையேனும் முறையாகக் கற்ற பின்னரே தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

பென்னாகரத்திலும் அரூரிலும் வணிகவியல் பயிலும் மாணவருள், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கணக்கேடு எழுதக் கற்பவர் உண்டு. தனிப்பயிற்சிக்குச் செலவிட வசதி இல்லையே என்று அவர்கள் வருந்த வேண்டுவதில்லை. பழைய வினாத்தாளும் வெள்ளைத் தாளும் அதிகச் செலவு வைப்பன அல்ல. இரு நண்பர்கள் சேர்ந்து, ஒருவர் தாளை மற்றவர் திருத்தலாம். பிறர் பிழையைக் காணும் கண்ணுக்குத் தன் பிழையும் விரைவில் தென்படும். 1949-இல் தொடங்கிய இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே தன் தேர்வர்களுக்காகத் திருப்புதல் தாள்களையும் மாதிரித் தாள்களையும் வெளியிடுகிறது. உயர்ந்த தேர்வுக்கும் அடிப்படைப் பயிற்சி இதுவே.

நாளை நீங்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ பட்டுக்கூடு அங்காடியிலோ கணக்கெழுத அமரலாம். அங்கே பிழை செய்தால் மதிப்பெண் குறைவதோடு நிற்காது. ஓர் உழவருக்குச் சேர வேண்டிய பணம் குறையும். பிழைகளை இன்று வெள்ளைத் தாளில், யாருக்கும் நட்டமின்றிச் செய்து, கண்டு, திருத்திக்கொள்ளுங்கள்.