சாவி யாரிடம் இருக்கிறது?



தாய்சேய் நலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இன்று பட்டம் வாங்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் தமிழ்நாட்டில் அது கோப்போடு முடிவதில்லை. ஆட்சியர் தலைமையில் தணிக்கை நடக்கும். இறந்தவரின் வீட்டாரையும் அழைப்போம். இருபது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கூட்டம். கேஸ் ஷீட் சுத்தமாக இருந்தது. இரவு 10.40-க்கு உதிரப்போக்கு, மருந்து ஏற்றப்பட்டது, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார். கடைசி நாற்காலியில் கணவர், மடியில் மஞ்சள் பை. ஆட்சியர் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். "ரத்தம் இருக்குன்னாங்கய்யா. ரூம் சாவிதான் இல்லைன்னாங்க."

ரத்தம் வைத்திருந்த அறையைப் பூட்டிவிட்டு, சாவியோடு ஊழியர் வீட்டுக்குப் போயிருந்தார். தினமும் அப்படித்தான் போவார். அவரை எழுப்பிக் கூட்டி வர ஒன்றரை மணி நேரம்.

மாணவனாக இருந்தபோது வைவாவில் உதிரப்போக்கின் காரணங்களைத் தடங்கலில்லாமல் ஒப்பித்திருக்கிறேன்: கருப்பை சுருங்காமை, கிழிசல், தங்கிவிட்ட நஞ்சுக்கொடி, உறையாத ரத்தம். பேராசிரியர் தட்டிக்கொடுத்தார். அந்தப் பட்டியலில் சாவி இல்லை.

கேஸ் ஷீட்டிலும் ஏன் இல்லை? அதற்கு முந்தைய ஆண்டு இதேபோன்ற கூட்டத்தில் "யார் செய்த தப்பு?" என்று ஒரு செவிலியரிடம் சத்தம் போட்டேன். அவர் அழுதார். அடுத்த மாதத்திலிருந்து அந்த வட்டாரத்து ஷீட்டுகள் ஒரு பிசகும் இல்லாமல் வந்தன. பயந்தவர்கள் எழுதிய ஷீட்டுகள் அவை. அந்தப் பயத்தில் என் பங்கும் உண்டு. இன்றும் அது உறுத்துகிறது. அதன்பின் என் கூட்டங்களில் "எத்தனை மணிக்கு என்ன நடந்தது?" என்று மட்டுமே கேட்டோம்.

2001-03-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் 54. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் செவிலியர், 2008-இல் வந்த 108 வண்டி என்று காரணங்கள் பல. எந்த ஊரில் எது குறைகிறது என்று காட்டியது அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த குடும்பங்கள்தான். 2018-20-இல் பக்கத்திலேயே கேரளம் 19-இல் நின்றது. ஆக, இன்னும் வேலை இருக்கிறது, பிள்ளைகளே. முதல் நாள் பணியில் சேர்ந்ததும் பிரசவ அறையைச் சுற்றி ஒரு நடை நடந்து, எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த மருத்துவமனையில் மறுவாரமே பிரசவ அறைக் கதவோரம் ஆணி அடித்து, சிவப்புக் கயிற்றில் சாவியை மாட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் கணவரிடம் பேசப் போனேன். ஐந்து மணி பஸ் போய்விடும், குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கணும் என்று மஞ்சள் பையோடு எழுந்துகொண்டார்.