ஆங்கிலம் கற்பார்க்குத் தாய்மொழி தடையா?



புதுவையின் எல்லைச் சிற்றூராகிய கரையாம்புத்தூரில் பிறந்தவன் நான். ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாளில், வகுப்பில் எழுந்து நின்று ‘ஸ்கூல்’ என்னும் சொல்லை ‘இஸ்கூல்’ என்று படித்தேன். வகுப்பே நகைத்தது. ஆங்கிலம் எனக்கு வாராது என்ற முடிவுடன் வீடு திரும்பினேன்.

என் பாட்டனார், 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறுவதற்கு முன்பே பிரெஞ்சு பயின்றவர். “தம்பி, இது அறியாமை அன்று, பழக்கம். தமிழில் தனிமெய் சொல்லுக்கு முதலாவதில்லை. ஆகவே உன் நா தானாகவே ஓர் இகரத்தைத் துணைக்கு அழைத்தது” என்றார். அவ்விதி தொல்காப்பியத்தின் மொழிமரபில் உள்ளதைப் பின்னாளில் கண்டேன்.

பாட்டனாரும் இடறியவரே. ஆங்கில நாளிதழில் ‘நேஷன்’ என்னும் சொல்லை ‘நாசியோன்’ என்றே படிப்பார். ஆனால் பொருள் அவருக்கு உடனே விளங்கிவிடும். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் கலந்தன. அவ்வுறவு அவருக்குக் கைகொடுத்தது; ஒலிப்பில் அதுவே காலை வாரியது.

நமக்கும் அப்படியே. பக்கம், பங்கு, பகல் என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. எங்கே வலிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதை நமக்கு இடமே உணர்த்திவிடுகிறது. ஆங்கிலத்திலோ அவ்வொலி மாறினால் பொருளே மாறும். மேலங்கியும் ‘கோட்’, வெள்ளாடும் ‘கோட்’ என்றே தமிழெழுத்தில் அமையும். ஆங்கிலேயர் செவிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

தொடரமைப்பும் அத்தகையதே. ‘நான் கரையாம்புத்தூரில் வாழ்கிறேன்’ என்கிறோம். ஆங்கிலத்தில் வினை நடுவே வரும். ஊர்ப்பெயருக்குப் பின் நிற்கும் ‘இல்’ முன்னே போய் நிற்கும்.

இடர் மட்டுமோ? இல்லை. ரகர லகரங்களைப் பிரித்தொலிக்க ஜப்பானியர் பெரிதும் முயல வேண்டும். நமக்கு அது பிறவிச் செல்வம். குறில் நெடில் வேறுபாட்டை உணர்ந்த செவியும் நமக்கு உண்டு.

ஆகவே, தாய்மொழியை மறந்தால்தான் ஆங்கிலம் வரும் என்பாரை நம்பாதீர்கள். தமிழின் இயல்பைத் தெளிய அறிந்தவன், தான் எங்கே இடறுவான் என்பதையும் முன்னரே அறிவான். அங்கே காலை ஊன்றி வைப்பான். நாளை உங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் ‘இஸ்கூல்’ என்றால் நகையாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். எனக்கு அன்று வேண்டியிருந்தது அது ஒன்றே.