விதைக்காத நிலத்துக்கு வாடகை



பயிர் வைத்தால் மானியம் தருவார்கள். நிலத்தைச் சும்மா போட்டு வைத்தாலும் பணம் தருவார்களா? அமெரிக்காவில் தருகிறார்கள்.

1985-இல் வந்த திட்டம் அது. சில நிலங்களில் மண் எளிதாக அரித்துப் போய்விடும். அதை உழாதீர்கள், புல்லை வளர விடுங்கள் என்கிறது அரசு. ஒப்பந்தம் 10, 15 வருஷத்துக்கு. வருஷா வருஷம் வாடகை வந்துவிடும். சும்மா கிடக்கிற நிலத்துக்கு வாடகை!

காரணம் இருக்கிறது. 1930-களில் அங்கே மேல்மண்ணே புழுதிப்புயலாகப் பறந்தது. ஜன்னலில் ஈரத்துணி கட்டியும் சாப்பாட்டுத் தட்டில் மண் விழுந்தது. பட்ட பாடு அப்படி.

இதில் ஒரு கடிவாளமும் உண்டு. நம் மாவட்டம் போல அங்கே கவுண்டி. ஒரு கவுண்டியின் சாகுபடி நிலத்தில், பொதுவாகக் கால் பங்குக்கு மேல் இத்திட்டத்தில் சேர்க்கக் கூடாது. ஏன்? எல்லாரும் நிலத்தைச் சும்மா போட்டுவிட்டால் விதைக்கடைக்காரர் என்ன செய்வார்? உரக்கடைக்காரர்? டிராக்டர் ரிப்பேர் பார்ப்பவர்? விவசாயிக்கு வாடகை வரும். இவர்களுக்கு யார் தருவார்கள்?

அதனால்தான் கால் பங்கு. இந்த வரம்பை வைத்தவர்கள் கிராமத்துக் கடைத்தெருவையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். சரியான கணக்குத்தான்.