மடல்கள் முகங்களான கதை



பிரெஞ்சுப் பிரபுக்களின் காதற்சூழ்ச்சியைக் காட்டும் படங்களைப் பற்றி ஒரு மொழி மன்றத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பட்டாடையையும் பொய்முடியையும் அகற்றிவிட்டுப் பாருங்கள்; அங்கே நிகழ்வதெல்லாம் சொல்லால் நிகழ்வதே.

பீரங்கிப் படை அதிகாரியான லக்லோ, புரட்சிக்கு ஏழாண்டு முன்னர், 1782இல் வெளியிட்ட புதினம் 'ஆபத்தான உறவுகள்'. முழுவதும் 175 கடிதங்கள். மெர்த்தேய் சீமாட்டியும் அவளுடைய முன்னாள் காதலன் வால்மோன் பிரபுவும் பிறர் வாழ்வைப் பணயம் வைத்து ஆடுகின்றனர். இறைப்பற்று மிக்க தூர்வெல் என்னும் மணமான பெண்ணை வீழ்த்துவது வால்மோனின் ஆட்டம்.

ஒருநாள் அவன் எமிலி என்னும் கணிகையின் உடலையே மேசையாக்கித் தூர்வெலுக்கு மடல் எழுதுகிறான். உறக்கமற்ற இரவையும் எழுதும் மேசையையும் உருக்கமாகக் குறிப்பிடுகிறான். அவளுக்கு அது காதல் மடல். உண்மை அறிந்தவர்க்குக் கொடிய சிலேடை. புதினத்தில் 47ஆம் கடிதம் நமக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது. 48ஆம் கடிதமே அம்மடல். ஆகவே, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், படிக்கும் நாம் வஞ்சகனுக்கு உடந்தையாகிவிடுகிறோம்.

இதைத் திரையில் எவ்வாறு காட்டுவது? 1988இல் ஸ்டீபன் ஃபிரியர்ஸ் இயக்கிய படத்திற்குக் கிறிஸ்டோபர் ஹாம்ப்டன் தம் நாடகத்திலிருந்தே திரைக்கதை எழுதினார். அதற்காக ஆஸ்கர் விருதும் பெற்றார். மடல்கள் சிலவற்றை வைத்துக்கொண்டு, பிறவற்றை நேருக்கு நேர் உரையாடலாக்கினார். படக்கருவி முகங்களை நெருங்கி நின்றது.

இதில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. தூர்வெலைக் கைவிடும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். புதினத்தில் மெர்த்தேய் ஒரு மாதிரி மடல் அனுப்புகிறாள். பழி தன்னுடையதன்று என்னும் பொருள்படும் ஒரு தொடர் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. வால்மோன் அதை அப்படியே படியெடுத்து அனுப்பிவிடுகிறான். படத்திலோ ஜான் மால்கோவிச் அத்தகைய தொடரை மிஷெல் ஃபைஃபரின் முன்னே நின்று பலமுறை சொல்லவேண்டியிருக்கிறது. சொல்பவனும் உடைவதைக் காண்கிறோம். அவன்மீது இரக்கம் பிறக்கிறது. புதினத்தில் அவன் கலங்கினானா என்பதை நாம் காண வழியில்லை. தாளுக்கு முகம் ஏது? அந்த ஐயமே எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. படம் அவனைச் சற்று எளிதில் மன்னித்துவிடுகிறது.

மறுஆண்டு வெளிவந்த மீலோஷ் ஃபோர்மனின் 'வால்மோன்' அழகிய படந்தான். ஆயினும் மடல்களுக்கு அதில் அவ்வளவு வேலை இல்லை. சூழ்ச்சி இளமைக் குறும்பாய் மெலிந்துவிட்டது.

மெர்த்தேயின் முடிவில் மட்டும் ஃபிரியர்ஸ் மூலத்தை விஞ்சினார் என்பேன். லக்லோ அவளுக்குப் பெரியம்மை தந்து, ஒரு கண்ணையும் பறித்து, ஆலந்துக்கு ஓடவிட்டார். தண்டிப்பதில் அவருக்கு அவசரம் போலும்! படத்தில் அவள் எழுதிய மடல்கள் ஊரார் கைக்குப் போகின்றன. இசைநாடக அரங்கில் அவையோர் அவளை இகழ்ந்து கூச்சலிடுகின்றனர். தொடக்கத்தில் கண்ணாடிமுன் ஒப்பனை செய்துகொண்ட கிளென் குளோஸ், இறுதியில் கண்ணாடிமுன் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல், அந்த ஒப்பனையைத் துடைத்தெடுக்கிறார். முகத்தின்மீது ஒளி மெல்ல மங்குகிறது.