காதில் ஒன்றுமில்லை என்றால் வலியும் இல்லை என்று ஆகாது

(தோட்டக் கமிட்டியின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறை, லயத்துக் கூரை என்று பேசுகிற கூட்டத்தில் இன்று காது வலியைப் பற்றிப் பேசுகிறோம். சின்ன விஷயம்தானே என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் சந்தா சேர்க்க லயம் லயமாகப் போகும்போது, இந்த வலியால் இரவெல்லாம் தூங்காமல் காலையில் பெரட்டுக்கு வருகிறவர்களைப் பார்க்கிறோம். காது மடல் எரிகிறது, ஊசி குத்துகிறது, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க முடியவில்லை என்கிறார்கள். சீழ் இல்லை, வீக்கம் இல்லை. டிஸ்பென்சரியில் டோர்ச் அடித்துப் பார்த்து, "காதில் ஒன்றுமில்லை" என்று இரண்டு பனடோல் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அந்த ஒரு சொல் மலைக்கு வந்து சேரும்போது வேறு சொல்லாக மாறிவிடுகிறது. "ஒன்றுமில்லையாமே, பிறகு ஏன் வேலைக்கு வரவில்லை?" என்று கங்காணி கேட்கிறார். வீட்டிலும் அதே கேள்வி. கடைசியில் வலிப்பவருக்கே தன் வலியில் சந்தேகம் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வலி பொய் வலி அல்ல. இன்று நாம் முதலில் மனதில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

பீலியில் தண்ணீர் வராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பீலியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. குழாய் வழியே மேலே ஏறி ஊற்றடி வரைக்கும் பார்க்கிறோம். காதும் அப்படித்தான். காதுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகள் காதுக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றின் கிளைகள் பல்லுக்கும் தாடை மூட்டுக்கும் தொண்டைக்கும் கழுத்துக்கும் போகின்றன. அங்கே எங்கேயாவது கோளாறு இருந்தால், மூளை அதைக் காது வலி என்று எடுத்துக்கொள்ளும். சொத்தைக் கடைவாய்ப் பல், முளைக்க இடமில்லாமல் சிக்கிய ஞானப்பல், இரவில் பல்லைக் கடித்து நெரிப்பதால் நோகும் தாடை மூட்டு, இறுகிப்போன கழுத்துத் தசை எல்லாமே காதில் வலியாகத் தெரியலாம். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி நாள் முழுக்கச் சுமக்கிற நம் பெண்களின் கழுத்து என்ன பாடுபடும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம்மில் பலர் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறோம். குளிருக்கும் பசிக்கும் அது துணை என்று பழகிவிட்டோம். பாக்கும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமில்லாமல் நிரூபிக்கப்பட்டது. நம் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் இருக்கிறது. நாக்கின் அடியிலோ தொண்டையிலோ அது வந்தால், சிலருக்குக் காது வலியே முதல் அறிகுறியாக இருக்கும். காது வலிக்கிற எல்லோருக்கும் அந்த நோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். ஆனால் வெற்றிலை போடுகிறவருக்கு ஒரு பக்கக் காது வாரக்கணக்கில் வலித்தால் காதை மட்டும் பார்ப்பது போதாது. வாயையும் தொண்டையையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். 3 வாரத்தில் ஆறாத வாய்ப்புண், விழுங்கக் கஷ்டம், குரல் கம்மல், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

சில நிலைமைகளில் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு முகம் ஒரு பக்கம் கோணினால், காதில் அக்கிக் கொப்புளம் வந்தால், காதுக்குப் பின்னால் வீங்கிக் காய்ச்சல் அடித்தால், திடீரென்று கேட்காமல் போனால், சீனி வருத்தம் உள்ளவருக்குக் கடுமையான காது வலி வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தோட்டத்து லொறி வரும் வரைக்கும் காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். சவ்வில் ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்க் கெடுதி செய்யும். சூடாக இருந்தால் தோல் வெந்துவிடும். நெருப்புக்குச்சி, ஹெயார்பின், கோழி இறகு எதையும் உள்ளே விடாதீர்கள். பக்கத்துக் காம்பராவில் மிச்சமிருந்த சொட்டு மருந்தை வாங்கிப் போடாதீர்கள்.

நம் தோட்டத்தில் ஓர் அக்காவுக்கு ஏழு மாதமாக வலது காது மடல் எரிந்துகொண்டிருந்தது. மூன்று முறை ஒன்றுமில்லை என்ற பதில்தான் கிடைத்தது. நாங்கள் சிலர் சேர்ந்து அவரோடு பெரியாஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போனோம். பல்லையும் தொண்டையையும் கழுத்தையும் பார்த்தார்கள். இன்று வரை இதுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் பயப்படும்படி எதுவும் இல்லை என்பது தெரிந்தது. நரம்பு வலிக்கு இரவில் போட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். சூடான துணியால் கழுத்தில் ஒத்தடம் வைக்கிறார், அந்தப் பக்கம் படுப்பதில்லை, குளிர்காற்றில் காதை மூடிக்கொள்கிறார். வலி முற்றாகப் போகவில்லை. "இப்ப தூங்குறேன் டீச்சர், அது போதும்" என்கிறார். காரணம் தெரியாத வலிக்கும் நிவாரணம் உண்டு.

கிளினிக்கில் இன்னொரு தடையும் இருக்கிறது. அங்கே சிங்களத்தில் "கன" என்று கேட்டால், நம்மவர்கள் சிலர் கண்ணைக் காட்டுகிறார்கள். சிங்களத்தில் கன என்றால் காது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. தமிழில் சொல்வதும் கேட்பதும் நம் உரிமை. அது நடைமுறைக்கு வரும் வரைக்கும் நோயாளி ஊமையாக நிற்க வேண்டுமா? வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், மெல்லும்போது கூடுகிறதா, கூடை சுமந்தால் கூடுகிறதா, என்ன மருந்து எடுத்தோம், வெற்றிலை உண்டா என்பதை ஒரு தாளில் இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுக்க ஆசிரியர்களான நாங்கள் தயார். பள்ளிக்கூடம் விட்டதும் வாருங்கள். அந்தத் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு என்ற மருத்துவத் தேவைகள் சட்டம் 1912இலேயே வந்தது. ஆகவே நாம் யாரிடமும் தயவு கேட்கவில்லை. கமிட்டி மூலம் துரையிடம் மூன்று விஷயங்களைக் கேட்போம். வலி என்று வருகிற ஒவ்வொருவரின் முறைப்பாடும் தேதியோடு டிஸ்பென்சரிப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். இரண்டாம் முறை அதே வலியோடு வந்தால் ஆஸ்பத்திரிக்குத் துண்டு கொடுக்க வேண்டும். கிளினிக் போன நாளைக் காட்டி, வேலைக்கு வராதவர் என்று யாரையும் நெருக்கக் கூடாது.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை மலையில் ஒரு தங்கச்சி காதைப் பொத்திக்கொண்டு நின்றால், சாக்குச் சொல்கிறாள் என்று சிரிக்காமல், எத்தனை நாளாக என்று கேளுங்கள். கேட்டதைத் தலைவியிடம் சொல்லுங்கள். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.