பச்சைக் குழந்தையின் அழுகை: உரமா, பாலா?

(நமது சங்கத்தின் மகளிர் கூட்டத்தில், உறுப்பினரான ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து, முதுகையும் தோளையும் பிசைந்து விடுவது நமக்குச் சுகம்தான். அந்தக் கைவேலையை ஒரு மாதக் குழந்தையிடம் காட்டலாமா? இன்று அதைத்தான் பேச வந்தேன்.

என் மகள் பிரசவத்துக்குத் தென்காசி வந்திருந்தாள். ஐந்தாவது வாரத்தில் பேத்தி தினமும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் முகம் சிவந்து, காலை மடக்கி வீறிட்டு அழுவாள். பாலும் சரியாகக் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி, "உரம் விழுந்திருக்கும்மா, வேட்டியில போட்டு உருட்டுங்க" என்றார். மகளோ செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஒரு கைரோபிராக்டர் குழந்தையின் முதுகெலும்பை அழுத்துகிறார், அழுகை நின்றுவிடுகிறது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒருவர் வேட்டி என்கிறார், ஒருவர் வெளிநாட்டுப் பெயர் சொல்கிறார், இரண்டும் உடம்பைப் புரட்டி அழுகையை நிறுத்தும் வித்தைதான். கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவில் டி.டி. பாமர் தொடங்கியது. உரம் எடுப்பது அதைவிடப் பழசாக இருக்கலாம். சிரித்தேனே தவிர, செவிலியர் படிப்பு படித்த நானே இந்த மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோது உருட்டக் கொடுத்தவள். என் மாமியார் சொன்னால் மறுபேச்சு கிடையாது. தலை நிற்காத பிள்ளை, கழுத்து எந்தப் பக்கம் மடங்கும் என்று அன்று யோசிக்கவில்லை.

உருட்டினால் சரியாகிறதே என்பீர்கள். கோலிக் என்னும் இந்த அழுகை இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கி, ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். அடங்கும் சமயத்தில் யார் கை வைத்தாலும் பெயர் அவருக்குத்தான். 2001இல் நார்வேயில் 86 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு முதுகெலும்புச் சிகிச்சை, மறு பிரிவைச் செவிலியர் பத்து நிமிடம் வெறுமனே கையில் வைத்திருந்தார். எது நடந்தது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. இரண்டு பிரிவிலும் பாதிக்கு மேல் தேறின. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது என்று 2019இல் கைரோபிராக்டிக் வாரியமே நிறுத்தியது. 2023இல் தளர்த்தினார்கள். சுகாதார அமைச்சர்கள் எதிர்க்கவே, 2024இல் மறுபடியும் நிறுத்தினார்கள்.

சரி, பேத்திக்கு என்ன செய்தோம்? அவள் பால் குடிப்பதை உட்கார்ந்து பார்த்தேன். மகள் குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகிறாள், குழந்தை காம்பை மட்டும் கவ்வி இழுக்கிறது. காம்பு வெடித்திருந்தது. பால் குறைவு, காற்று அதிகம். மகளின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்ந்து உட்கார வைத்தேன். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட, வாயை அகலத் திறந்ததும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் சேர்ந்து கவ்வும்படி அணைக்கச் சொன்னேன். இரண்டு நாளில் காம்பு வலி குறைந்தது. ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். மாலை அழுகை அதன் பிறகும் ஒரு மாதம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தோம். ஆள் மாற்றி ஆள்.

இதமாக எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுங்கள், ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். வாய் வைத்து உறிஞ்சித் தொக்கம் எடுப்பதும், வசம்பு உரசி நாக்கில் தடவுவதும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். ஆத்திரத்தில் குழந்தையைக் குலுக்கவே கூடாது. தாங்க முடியாவிட்டால் தொட்டிலில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள்.

காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி என்றால் 108. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

பேத்திக்கு நான்காம் மாதம் அழுகை நின்றது. "நான் சொன்னேன்ல, உரம் தானா விழுந்திருக்கும், தானா போயிருக்கும்" என்கிறார் ஆச்சி. நான் ஒன்றும் சொல்லவில்லை.