தாயின் தீர்மானமும் நமது கடமையும்

(வலிகாமத்துக் கிராமமொன்றில் கமக்காரரும் உத்தியோகத்தரும் தாய்மாரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



வறுமை புகுந்த வீட்டில் தாய் வேலைக்குப் போவதா, பிள்ளைகளோடு இருப்பதா என்னும் கேள்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இக்கேள்விக்கு நமது ஊர்களில் எல்லோரிடமும் விடை தயாராக இருக்கிறது. அவள் போனால், "பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டாள்" என்கிறார்கள். போகாதிருந்தால், "கடனை இறுக்க வழி பார்க்கவில்லை" என்கிறார்கள். எப்படித் தீர்த்தாலும் எதிரிக்கே தண்டனை என்ற வழக்கை எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஆனால் ஏழைத் தாயின் வழக்கு நமது ஒழுங்கைகளில் நாள்தோறும் அவ்வாறே விசாரிக்கப்படுகிறது.

இன்று நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. அவளுடைய தீர்மானம் என்று நாம் பேசுவதன் பெரும்பகுதியை நமது சட்டமும், நாம் கொடுக்கும் கூலியும், நமது வீட்டு வழக்கங்களும் முன்னரே எழுதி வைத்துவிடுகின்றன. அவள் கையொப்பம் இடுவதோடு சரி. ஆகவே அவளைக் குற்றக் கூண்டில் ஏற்றுமுன் நம்மை நாம் விசாரித்துக்கொள்வது நியாயம்.

நெருக்கடி வந்த வழி

கமக்காரருக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியபோது விளைச்சலின் நட்டம் கமக்காரன் தலையில் இறங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் தொட்டன. முன் ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா வேண்டியதாயிற்று. கூலி அவ்வாறு இரட்டிக்கவில்லை.

இதற்கு முன்பே நுண்கடன் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் அக்கடனின் கொடுமையை அரசாங்கமே மறுக்க முடியவில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. ஆண்டு வட்டி 35 வீதத்தைத் தாண்டலாகாதென எல்லை வகுக்கவும் நேர்ந்தது. எல்லையே 35 வீதமென்றால் எல்லைக்கு முந்திய நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நாட்டின் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பெண்ணைத் தலைவியாகக் கொண்டது. போர் நடந்த மண்ணில் கணவனை இழந்தவளும், காணாமற்போன கணவனைத் தேடுபவளும், கணவனாற் கைவிடப்பட்டவளும் இக்கணக்கில் அடங்குவர். இவர்களுக்கு வேலை ஓர் ஆசையன்று. அடுத்த வேளைச் சோறு.

அரசாங்கம் கேட்ட கேள்வி

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் என்ற ஏழைச் சிறுமி, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவுக்கு வீட்டுப் பணிக்கு அனுப்பப்பட்டாள். அவளது பொறுப்பில் விடப்பட்ட குழந்தை இறந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டாள். நாடு கலங்கியது. அவ்வாண்டே குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் விதி வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிக்காக வெளிநாடு செல்லலாகாது. மூத்த பிள்ளைகள் இருப்பின், அவர்களைப் பராமரிக்கத் தக்க ஏற்பாடு உண்டென்று பிரதேச செயலகம் திருப்தியடைய வேண்டும் என்பது அதன் சாரம்.

பிள்ளையின் நன்மையை நாடுவது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறிக்கை தாயிடம் மட்டுமே கேட்கப்பட்டது. அதே விமானத்தில் அதே வயதுப் பிள்ளையை விட்டுச் செல்லும் தகப்பனை, "உன் பிள்ளையைப் பார்ப்பவர் யார்?" என்று எந்த அலுவலரும் கேட்கவில்லை. தடுக்கப்பட்ட தாய்க்கு ஊரில் ஒரு வேலை தரவும் அவ்விதியில் இடமில்லை.

2022 ஜூனில் அமைச்சரவை அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தது. வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணின் ஆகக்குறைந்த வயதும் 21 ஆக இறக்கப்பட்டது. 2013இல் தாயின்றி வாழ முடியாதிருந்த மூன்று வயதுப் பிள்ளை, 2022இல் எவ்வாறு வாழக் கற்றுக்கொண்டது? பிள்ளை மாறவில்லை, ஐயா. திறைசேரியில் டொலர் தீர்ந்தது. தாயைத் தடுத்தபோதும் சரி, அனுப்பியபோதும் சரி, அவளுக்கு எது வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை.

சொந்த நிலம், பிறர் கையொப்பம்

அரசாங்கத்தைக் குறை கூறுவது எளிது. இனி நமது வீட்டுக்குள் வருவோம்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். சீதனமாக வந்த நான்கு பரப்புக் காணி அவள் பெயரில் உறுதியாக இருக்கிறது. அதை வங்கியில் ஈடுவைத்துக் கிணற்றுக்கு மோட்டார் பூட்டி, இரண்டு மாடு வாங்கினால், பிள்ளைகளைப் பிரியாமல் ஊரிலேயே பிழைக்கலாம். அவளால் முடியுமா?

1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தேசவழமைக்குட்பட்ட மனைவி தனது சொந்தக் காணியைக் கூடக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவன் தனது முதுசக் காணியை விற்க மனைவியின் சம்மதம் தேவையில்லை. 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சட்டத்துக்குட்பட்ட மணமான பெண்களுக்குத் தங்கள் சொத்தைத் தாமே கையாளும் உரிமையை வழங்கியது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு நூறாண்டுக்கு முன் கிடைத்த அவ்வுரிமை யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்ணுக்கு இல்லை.

கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் பெட்டிசம் செய்து அனுமதி பெற அதே சட்டத்தில் வழியுண்டு. ஆனால் வாரத் தவணைக்கு அஞ்சி நிற்பவள் தவணைத் தவணையாக நீதிமன்றம் ஏறுவாளா? முகவர் ஒருவர் வாசலில் வந்து முற்பணம் நீட்டுகிறார். அவள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறாள். "காணி இருந்தும் போய்விட்டாள்" என்று ஊர் பேசுகிறது. அக்காணியின் பூட்டுச் சாவி அவளிடம் இருக்கவில்லை என்பதை ஊர் பேசுவதில்லை.

நமது தோட்டத்துக் கூலி

கமக்காரப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். வெங்காயம் நடவும், களை பிடுங்கவும், மிளகாய் ஆயவும் வரும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி கொடுக்கும் வழக்கம் நமது தோட்டங்களில் உண்டு. ஆணின் வேலை பாரமானது என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். காலை முதல் மாலை வரை குனிந்து நிற்கும் முதுகின் பாரத்தை அளந்தவர் யார்? கமக்காரனுக்கும் இலாபமில்லை என்பதை நான் அறிவேன். இடைத்தரகன் அடிமாட்டு விலை கேட்கும்போது கமக்காரன் கொதிக்கிறான். அந்தக் கொதிப்பின் நியாயம் அவனிடம் கூலி வாங்கும் பெண்ணுக்கும் உண்டல்லவா?

மகப்பேற்றுச் சட்டம் 84 நாள் சம்பள விடுமுறை தருகிறது. மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள் என்றிருந்த குறையும் 2018இல் திருத்தப்பட்டது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டத் தொழிலிடத்தில் நாளுக்கு இரு இடைவேளைகளும் உண்டு. நல்ல சட்டங்களே. எனினும் சம்பளப் பதிவேட்டில் பெயருள்ளவளுக்கே அவை எட்டும். வரம்பின் மேல் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்திவிட்டுக் களை பிடுங்குபவளுக்கு எட்டுவதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு நீக்கப்பட வேண்டும். தேசவழமை நமது தனித்துவத்தின் அடையாளம் என்று பெருமை பேசுகிறோம். அப்பெருமையின் விலையை நமது பெண்கள் மட்டுமே செலுத்துவது முறையாகாது. சட்டம் திருத்தப்படும் வரை, சம்மதம் பெற முடியாத தாய்மாரின் பெட்டிசங்களைக் கட்டணமின்றி நடத்த என் தொழில் நண்பர்கள் முன்வர வேண்டும். கணவன் காணாமற்போனவனாயின், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கீழ் அவன் காணாமற்போனமைக்குச் சான்றிதழ் பெற்று அதைத் துணையாகக் காட்டலாம். பராமரிக்கத் தவறும் தகப்பன்மீது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கிடலாம்.

இரண்டாவது, முன்பள்ளி நண்பகலோடு கலைந்தால் தாயின் வேலையும் நண்பகலோடு முடிகிறது. மூளாயில் கூட்டுறவு ஆசுபத்திரி கட்டி நடத்திய மக்களுக்கு, மாலைவரை பிள்ளைகளைப் பார்க்கும் இடமொன்றைக் கூட்டுறவாக நடத்த இயலாதா? சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் உயிரோடிருக்கும் ஊரில் நுண்கடன்காரனுக்கு வேலை குறையும்.

மூன்றாவது, ஒரே வேலைக்கு ஒரே கூலி. இதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை. இங்கு அமர்ந்திருப்போர் உடன்பட்டால் நாளைக் காலையே தொடங்கலாம்.

நான்காவது, இவையெல்லாம் இருந்தும் ஒரு தாய் வெளிநாடு செல்லத் தீர்மானித்தால், அவள் பணியகத்தில் பதிவுசெய்து, ஒப்பந்தத்தின் பிரதியை வீட்டில் வைத்து, தன் பெயரிலுள்ள கணக்குக்கே பணம் அனுப்பட்டும். ஊரிலிருக்கும் தகப்பன் சோறாக்கவும் பிள்ளையின் தலைவாரவும் கற்றுக்கொள்ளட்டும். அதில் ஆண்மைக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அயலார் அப்பிள்ளைகளின் காதில் விழத் தாயைப் பழிக்காதிருக்கட்டும்.

தலைவர் அவர்களே, இந்நான்கையும் பிரேரணையாக எடுத்து இக்கூட்டம் நிறைவேற்ற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவதை மட்டும் கைதூக்கி நிறைவேற்றினால் போதாது. அடுத்த வெங்காய நடுகையின்போது கூலி எண்ணிக் கொடுக்கும் கைகள் அதை நிறைவேற்ற வேண்டும்.